ஆய்வகத்துக்கான மறுசேர்க்கை மனித டி.என்.எஃப்-ஆல்ஃபா: மூன்று லாட்டுகளுக்குப் பிறகு ஒரு மதிப்புரை

அழற்சி தொடர்பான செல் வளர்ப்புச் சோதனைகளுக்காக எங்கள் ஆய்வகம் இரண்டு ஆண்டுகளாக வாங்கிவரும், தூய்மைப்படுத்தப்பட்ட மறுசேர்க்கை (மரபணுவை வேறோர் உயிரியில் புகுத்தித் தயாரித்த) மனித டி.என்.எஃப்-ஆல்ஃபா என்ற, அழற்சியைத் தூண்டும் புரதத்தைப் பற்றி எழுதுகிறேன். ஒரே விற்பனையாளரிடம், மூன்று வெவ்வேறு லாட்டுகளில் (தயாரிப்புத் தொகுதிகளில்), 10 மைக்ரோகிராம் குப்பிகளாக வாங்கியிருக்கிறோம். விற்பனையாளரின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். நான் குறை காணும் இடங்கள் இந்த வகைப் பொருளை விற்கும் பலரிடமும் இருப்பவை, பாராட்டும் இடங்களோ பெயரைப் பார்த்து வாங்காமல் சான்றிதழைப் பார்த்து வாங்குகிறவருக்கு வேறிடத்திலும் கிடைக்கக்கூடியவை. மீண்டும் வாங்குவேனா என்றால் வாங்குவேன். ஆனால் விவரத்தாளின் தலைப்பிலேயே தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கும் ‘தூய்மை 95 சதவீதத்துக்கு மேல்’ என்ற வரிக்காக அல்ல. இந்தப் புரதத்தைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய கேள்விகளில் ஆகச் சிறியதற்கே அந்த வரி விடை சொல்கிறது என்பது எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் புரிந்தது.

புரதத்தோடு பழக்கமில்லாதவர்களுக்காகச் சில வரிகள். பி.சி.ஜி. தடுப்பூசி கொடுத்துத் தயார்ப்படுத்திய எலிகளுக்குப் பாக்டீரியாவின் எண்டோடாக்சினைச் செலுத்தியபோது, அவற்றின் சீரத்தில் கட்டிகளை நசியச் செய்யும் ஏதோ ஒன்று தோன்றியதை லாயிட் ஓல்டின் குழு 1975-இல் வெளியிட்டது. ‘ட்யூமர் நெக்ரோசிஸ் ஃபாக்டர்’ என்ற பெயர் அந்தச் செயலிலிருந்து வந்தது. 1984-இல் மனித மரபணு குளோன் செய்யப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே, நாட்பட்ட நோயில் உடலை உருக்கும் ‘கேக்கெக்டின்’ என்று வேறொரு குழு தேடிக்கொண்டிருந்த பொருளும் இதுவும் ஒன்றே என்று தெரிந்தது. செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் வடிவம் 233 அமினோ அமிலங்கள் கொண்டது. டேஸ் என்ற நொதி அதை வெட்டும்போது, கடைசி 157 அமினோ அமிலங்கள் கொண்ட கரையும் வடிவம் வெளியே வருகிறது. குப்பியில் விற்கப்படுவது இந்த 157 அமினோ அமிலத் துண்டுதான். ஒவ்வோர் இழையும் சுமார் 17 கிலோடால்டன் நிறையுடையது. மனித டி.என்.எஃப்-ஆல்ஃபாவில் என்-வகைச் சர்க்கரைச் சங்கிலி ஏறும் இடம் இல்லை என்பதால், அந்தச் சங்கிலியை ஏற்றத் தெரியாத ஈ. கோலை பாக்டீரியாவிடம் உற்பத்தியை ஒப்படைப்பதில் பெரிய இழப்பு எதுவும் இல்லை. நாங்கள் வாங்கியதும் ஈ. கோலையில் தயாரானது, பிரித்தெடுக்க வசதியாகச் சேர்க்கும் ஹிஸ்டிடின் வால் போன்ற ஒட்டுகள் ஏதும் இல்லாதது. ஒட்டு இல்லாததைத் தேடி எடுத்ததற்குக் காரணம் உண்டு: இழையின் கடைசி முனை புரதத்தின் உள்மையத்தை ஒட்டி அமைந்திருக்கிறது, அங்கே எதையாவது தொங்கவிட்டால் செயல்திறன் பாதிக்கப்படலாம். முன்முனையில் வால் வைத்தவை அந்த அளவு தொல்லை தருவதில்லை என்றாலும், ஏற்பியோடு (செல்லில் இந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் புரதத்தோடு) பிணைவதை அளக்கும் சோதனைக்கு அதையும் தவிர்க்கவே விரும்பினேன்.

பொட்டலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உறைய வைத்து உலர்த்திய வடிவில், குளிர்ப்பொதிகளுக்கு நடுவே, மூன்று முறையும் ஒழுங்காக வந்து சேர்ந்தது. வழியில் பொதிகள் உருகியிருந்தாலும் கவலைப்பட வேண்டியதில்லை. உலர்ந்த நிலையில் இந்தப் புரதம் சில நாள் அறை வெப்பத்தைத் தாங்கும். முதல் முறை வாங்குகிறவருக்கு ஓர் எச்சரிக்கை மட்டும்: குப்பியைத் திறந்தால் உள்ளே எதுவுமே இல்லாததுபோல் தோன்றும். பத்து மைக்ரோகிராம் புரதம் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய ஏடாக அடியிலோ சுவரிலோ, சில நேரம் மூடியின் உட்புறத்திலோ ஒட்டியிருக்கும். வெறும் குப்பியை அனுப்பிவிட்டார்கள் என்று எங்கள் ஆய்வகத்தில் ஒருவர் புகார்க் கடிதம் எழுதத் தொடங்கிவிட்டார். திறப்பதற்கு முன் மையவிலக்கியில் ஒரு நிமிடம் சுழற்றிக் கீழே இறக்குவது விவரத்தாளில் ஒரு வரியாக இருக்கிறது. அதைக் குப்பியின் மேலேயே அச்சிட்டிருக்கலாம்.

கரைப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. விவரத்தாள் சொல்வது: கிருமி நீக்கிய நீரில் மி.லி.க்கு 0.1 மில்லிகிராம் முதல் 1 மில்லிகிராம் வரையிலான செறிவில் கரைக்கவும். குலுக்க வேண்டாம், சுவரை நனைத்தபடி மெதுவாகச் சுழற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் அப்படியே விடவும். மேலும் நீர்க்கச் செய்வதானால் 0.1 சதவீத மாட்டு சீரம் ஆல்புமின் போன்ற துணைப் புரதம் கலந்த பஃபரைப் பயன்படுத்தவும். 100 மைக்ரோலிட்டர் நீர் சேர்த்தால் மி.லி.க்கு 0.1 மில்லிகிராம் கிடைக்கும். அதை ஐந்து ஐந்து மைக்ரோலிட்டராக இருபது சிறு குழாய்களில் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் வைக்கிறோம். வழக்கமான வேலைச் செறிவான மி.லி.க்கு 10 நானோகிராமில் ஒரு சிறு குழாய் 50 மி.லி. ஊடகத்துக்குப் போதும்; ஒரு குப்பி ஒரு லிட்டருக்கு வரும். ஒருமுறை உருக்கியதை மறுபடி உறைய வைப்பதில்லை. பனி தானாகவே நீங்கும் வகை ஃப்ரீசரில் இதை வைக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும்; அந்த இயந்திரம் பனியை நீக்குவதற்காக அவ்வப்போது உட்புறத்தைச் சூடாக்கிக்கொள்ளும், சிறு குழாயில் இருக்கும் ஐந்து மைக்ரோலிட்டர் நமக்குத் தெரியாமலே உருகி உறைந்துகொண்டிருக்கும்.

இனி அந்த 95 சதவீதம். அது, புரதங்களை விரித்து நிறைப்படி பிரிக்கும் எஸ்.டி.எஸ். ஜெல்லில் ஓட்டிச் சாயமேற்றி எடுத்த எண். எங்கள் கையில் மூன்று லாட்டுகளும் 17 கிலோடால்டனுக்கு அருகில் ஒரே தெளிவான பட்டையாகவே ஓடின. வெள்ளிச் சாயத்தில்கூட மேலே சொல்லத்தக்க அழுக்கு எதுவும் தெரியவில்லை. அந்த அளவில் விளம்பரம் உண்மையே. ஆனால் டி.என்.எஃப்-ஆல்ஃபா தனி இழையாக வேலை செய்வதில்லை. மூன்று இழைகள் மணி வடிவில் ஒன்றோடொன்று சாய்ந்து, சுமார் 52 கிலோடால்டன் முப்படியாகச் சேர்ந்தால்தான் ஏற்பிகளை மும்மூன்றாக இழுத்துக் கூட்ட முடியும். படிக ஆய்வுகள் 1989-லேயே இதைக் காட்டிவிட்டன. இழைகளைப் பிணைத்து நிறுத்துவது சகப்பிணைப்பு அல்ல, ஒட்டிக்கொள்ளும் பரப்புகள் மட்டுமே. எஸ்.டி.எஸ். செய்யும் முதல் வேலையே அந்த ஒட்டுதலைப் பிரித்து எல்லாவற்றையும் ஒற்றைப்படியாக்குவது. ஆகவே முழுமையாக முப்படியாக இருக்கும் மாதிரியும், பாதி சிதைந்து ஒற்றைப்படியாகிவிட்ட மாதிரியும் இந்த ஜெல்லில் ஒரே முகத்தைத்தான் காட்டும். தூய்மை எண் பொய் சொல்லவில்லை. இந்த நிலைமாற்றத்தைப் பார்க்கும் கண் அதற்கு இல்லை.

முப்படி எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், எஸ்.டி.எஸ். இல்லாத பஃபரில் அளவு விலக்கு குரோமட்டோகிராபி (மூலக்கூறுகளை அளவுப்படி பிரிக்கும் முறை) செய்ய வேண்டும். அதோடு ஒளிச்சிதறல் அளவியும் சேர்ந்தால் இன்னும் நல்லது. எங்கள் விற்பனையாளரின் பகுப்பாய்வுச் சான்றிதழில் அது இல்லை. கேட்டபோது, முதல் லாட்டுக்கும் மூன்றாம் லாட்டுக்கும் வரைபடத்தை இரண்டே நாளில் அனுப்பினார்கள். முப்படிக்குரிய இடத்தில் ஒரே உச்சி, திரட்சிகள் மிகக் குறைவு. இவ்வளவு நல்ல தரவைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதும் சொல்லாத ஜெல் படத்தை முன்னால் நிறுத்துவது ஏனென்று எனக்குப் புரியவில்லை. ஜெல் படம் பார்வைக்கு அழகாக இருக்கும், வாங்குகிறவர் பழகிய முகம் என்பதாகத்தான் இருக்க வேண்டும்.

செயல்திறனுக்கு வழக்கமான சோதனை எல்929 என்ற எலி ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைக் கொல்லும் சோதனை. செல்களுக்கு ஆக்டினோமைசின் டி கொடுத்து மரபணுப் படியெடுப்பை நிறுத்திவிட்டு டி.என்.எஃப்-ஆல்ஃபாவைச் சேர்க்கிறார்கள். ஆக்டினோமைசின் எதற்கு என்று புதியவர்கள் கேட்பதுண்டு. இந்தப் புரதம் ஏற்பியைத் தட்டியவுடன் சாவுக்கான பாதையும், மரபணுக்களை முடுக்கும் என்.எஃப்.-கப்பா பி என்ற புரதம் வழியாகப் பிழைப்பதற்கான பாதையும் கிட்டத்தட்டச் சேர்ந்தே தொடங்குகின்றன. பிழைப்பதற்குப் புதிய புரதங்களைத் தயாரித்தாக வேண்டும், அதைத் தடுத்துவிட்டால் சாவின் பக்கம் தராசு சாய்கிறது. விற்பனையாளர் கொடுத்திருக்கும் அரைவிளைவுச் செறிவு மி.லி.க்கு 0.05 நானோகிராமுக்குக் கீழ். அதாவது ஒரு மில்லிகிராமுக்கு 2 கோடி அலகுக்கு மேல். நாங்கள் பார்த்தவை 0.02-க்கும் 0.04-க்கும் இடையில் விழுந்தன, ஒரே ஒரு முறை தவிர.

இந்த அலகுகளைப் பற்றி ஒரு குறிப்பு. பாதிச் செல்கள் சாகத் தேவைப்படும் அளவை ஓர் அலகு என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு நிறுவனமும் தன் கையிலுள்ள செல்லில், தன் ஊடகத்தில், தன் நேரக் கணக்கில் அளக்கிறது. ஆகவே ஒருவரின் 2 கோடியும் மற்றவரின் 5 கோடியும் ஒரே புரதமாகவே இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுத் தர மாதிரியோடு பக்கத்தில் வைத்து அளந்து, பன்னாட்டு அலகில் சொன்னால் மட்டுமே ஒப்பீடு செல்லும். எங்கள் விற்பனையாளர் அப்படிச் சொல்வதில்லை. அது பெரிய குற்றமில்லை. ஆனால் வேறு நிறுவனத்தின் பொருளுக்கு மாறும்போது பழைய அலகுக் கணக்கை அப்படியே கொண்டுபோகாமல், இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மாற வேண்டும்.

‘ஒரே ஒரு முறை தவிர’ என்றேனே, அது இரண்டாம் லாட்டில் நடந்தது. மூன்று வாரம் நன்றாக இருந்தது, பிறகு கொல்லும் திறன் நான்கில் ஒன்றாகக் குறைந்தது. வெஸ்டர்ன் பிளாட்டில் (எதிர்ப்பொருளால் புரதத்தைக் காட்டும் முறையில்) பார்த்தால் 17 கிலோடால்டன் பட்டை சற்றே மங்கியிருந்ததே தவிர, உடைந்த துண்டு எதுவும் இல்லை. லாட் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, நானே கடுமையான மின்னஞ்சல் ஒன்றை எழுதினேன். மறுநாள் வந்த பதிலில் வாதமே இல்லை, மூன்று கேள்விகள் மட்டும் இருந்தன: எந்தச் செறிவில் வைத்திருக்கிறீர்கள், துணைப் புரதம் சேர்த்தீர்களா, எந்த வகைக் குழாய். விசாரித்தபோது, தினமும் ஃப்ரீசரைத் திறக்கும் தொல்லை வேண்டாம் என்று ஆய்வகத்தில் ஒருவர் மி.லி.க்கு 100 நானோகிராமாக வெறும் பாஸ்பேட் பஃபரில் கலந்து, சாதாரணக் குழாயில், 4 டிகிரியில் வைத்திருந்தது தெரிந்தது. துணைப் புரதம் இல்லாத நீர்த்த கரைசலில் இரண்டு கேடுகள் நேர்கின்றன. ஒன்று, புரதம் குழாயின் சுவரில் போய் ஒட்டிக்கொள்கிறது. பட்டை மங்கியதற்கு அது காரணமாகலாம். இன்னொன்று இந்தப் புரதத்துக்கே உரியது: செறிவு மிகக் குறைவாக இருக்கும்போது முப்படி மெல்ல மெல்லப் பிரிந்து, செயலற்ற வடிவத்துக்குப் போய்விடுகிறது. செயல்திறன் விழுந்த அளவுக்குப் பட்டை மங்காததால், எங்கள் விஷயத்தில் பெரும்பங்கு இரண்டாவதற்கே என்று ஊகிக்கிறேன். அதே லாட்டின் திறக்காத குப்பியை முறைப்படி கரைத்துப் பார்த்தபோது எண் பழையபடி 0.03-இல் வந்து நின்றது. மன்னிப்புக் கேட்டு இன்னொரு மின்னஞ்சல் எழுதினேன்.

துணைப் புரதத்தோடே உலர்த்தி விற்கப்படும் வடிவமும் அவர்களிடம் உண்டு. ஒரு நானோகிராம் டி.என்.எஃப்-க்குப் பக்கத்தில் ஐம்பது நானோகிராம் ஆல்புமின் என்ற விகிதத்தில் இருக்கும். செல்களில் மட்டும் ஊற்றப்போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கலாம், எங்களைப் போன்ற கவனக்குறைவுக்கு அது தரும் பாதுகாப்பு பெரிது. ஏற்பிப் பிணைப்பை அளக்கவோ, சாயம் இணைக்கவோ, நிறை நிறமாலைமானியில் வைக்கவோ, எதிர்ப்பொருள் உருவாக்கவோ தேவைப்படுகிறவர்களுக்கு அது உதவாது. அங்கே அளவிடப்படுவது பெரும்பாலும் ஆல்புமினாகத்தான் இருக்கும். இரண்டும் தேவைப்படும் ஆய்வகம் இரண்டையும் தனித்தனியே வாங்கிவிடுவது நல்லது. துணைப் புரதம் இல்லாத குப்பியில் நாமே ஆல்புமினைச் சேர்க்கும்போது, அந்த ஆல்புமின் எண்டோடாக்சின் குறைந்ததாக இருக்க வேண்டும். சாதாரண ஆல்புமினை அள்ளிப் போட்டால், விற்பனையாளர் பாடுபட்டு நீக்கியதை நாமே திரும்பக் கொண்டுவந்து சேர்த்தவர்களாவோம்.

எண்டோடாக்சின்தான் இந்தப் பொருளின் உண்மையான தேர்வுக் களம். புரதத்தைச் செய்து கொடுத்த ஈ. கோலையின் வெளிச்சவ்வில் இருக்கும் லிப்போபாலிசாக்கரைடு, தூய்மைப்படுத்தும்போது ஓரளவு ஒட்டிக்கொண்டு வருவது இயல்பு. வேறு பல புரதங்களில் அது ஒரு மாசு மட்டுமே, டி.என்.எஃப்-ஆல்ஃபாவில் அது ஆள்மாறாட்டம் செய்யும் மாசு. இரண்டும் வெவ்வேறு ஏற்பிகளில் தொடங்கினாலும் ஒரே என்.எஃப்.-கப்பா பி-யில் வந்து சேர்கின்றன. அதைக் கட்டிவைக்கும் ஐ-கப்பா பி ஆல்ஃபா கால் மணி நேரத்தில் சிதைவதும், இன்டர்லியூகின்-6 என்ற அழற்சிப் புரதம் கூடுவதும் இரண்டிலும் நடக்கும். போதாக்குறைக்கு, எண்டோடாக்சின் பட்ட மேக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல் தானே டி.என்.எஃப்-ஐச் சுரக்கத் தொடங்கிவிடும். இந்தப் புரதம் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே எண்டோடாக்சின் ஏற்றிய எலியின் இரத்தத்தில் என்பதை நினைத்தால், இந்த உறவு பெயர் வைப்பதற்கு முன்பே தொடங்கியது என்று சொல்ல வேண்டும். ஜெல்லில் சாயமேற்றினால் இது தெரியாது. தூய்மை 99 சதவீதமாக இருந்தாலும் மீதி ஒரு சதவீதத்தின் சிறு துளியே சோதனை முழுவதையும் எடுத்துக்கொள்ளும்.

விவரத்தாளில் எண்டோடாக்சின் வரம்பு ஒரு மைக்ரோகிராமுக்கு 0.1 அலகுக்குக் கீழ் என்றிருக்கிறது. சந்தையில் 1 அலகுக்குக் கீழ் என்பதும் சாதாரணம். வித்தியாசம் சிறிதாகத் தோன்றும், கணக்குப் போட்டால் தெரியும். ஓர் எண்டோடாக்சின் அலகு என்பது ஏறத்தாழ 0.1 நானோகிராம் லிப்போபாலிசாக்கரைடு. மி.லி.க்கு 100 நானோகிராம் டி.என்.எஃப் சேர்க்கும் சோதனையில், முதல் வரம்பின்படி ஊடகத்தில் வரக்கூடிய உச்ச அளவு மி.லி.க்கு 1 பிகோகிராம்; இரண்டாவதன்படி 10 பிகோகிராம். எச்.இ.கே.293 என்ற மனிதச் சிறுநீரகச் செல்களுக்கு இரண்டும் ஒன்றே, ஏனெனில் எண்டோடாக்சினை உணரும் டி.எல்.ஆர்.4 ஏற்பி அவற்றில் இல்லை. இரத்தத்திலிருந்து எடுத்த மனித மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்களோ பத்துகளில் எண்ணும் பிகோகிராமுக்கே விழித்துக்கொள்ளக்கூடியவை; அவற்றோடு வேலை செய்கிறவர்களுக்கு 1 அலகு என்பது எல்லையோரம் நடப்பது. ஆகவே எந்த வரம்பு போதும் என்பது குப்பியைப் பொறுத்ததல்ல, நம் தட்டில் இருக்கும் செல்லையும் நாம் ஊற்றும் செறிவையும் பொறுத்தது.

சான்றிதழை மட்டும் நம்பாமல் நாங்களும் சோதித்தோம். எளிய சோதனை, கொதிக்க வைப்பது. நீராவிச் சூட்டில் அரை மணி நேரம் வைத்தால் புரதம் உருக்குலைந்துவிடும். எண்டோடாக்சினோ அந்தச் சூட்டைப் பொருட்படுத்தாது, கண்ணாடிப் பாத்திரத்தில் அதை ஒழிக்க 250 டிகிரி உலர் வெப்பத்தில் அரை மணி நேரம் தேவைப்படுகிறது. கொதித்த பிறகும் மோனோசைட்டுகள் இன்டர்லியூகின்-6 சுரந்தால், பேசுவது டி.என்.எஃப் அல்ல. இந்த நிறுவனத்தின் மூன்று லாட்டுகளிலும் கொதித்த மாதிரி வெறும் ஊடகத்தோடு ஒத்துப்போனது. ஃப்ரீசரின் அடியில் கிடந்த, எங்கிருந்து வந்ததென்று யாருக்கும் நினைவில்லாத பழைய குப்பி ஒன்றையும் ஆர்வத்தில் சேர்த்து வைத்தோம். அது கொதித்த பிறகும் பாதிக்கு மேல் வேலை செய்தது. அந்தக் குப்பியை வைத்து ஒருகாலத்தில் வரைந்த வரைபடங்களை இப்போது யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. இரண்டாவது சான்றாக பாலிமிக்சின் பி சேர்த்தும் பார்த்தோம். அது எண்டோடாக்சினின் லிப்பிட் ஏ பகுதியைக் கவ்விக்கொள்ளும், புரதத்தைத் தொடாது. மூன்றாவதாக, டி.என்.எஃப்-ஐத் தடுக்கும் எதிர்ப்பொருளான இன்ஃப்ளிக்சிமாபை முன்கூட்டிக் கலந்தபோது, இந்தப் பொருளின் விளைவு ஏறக்குறைய முழுமையாக அணைந்தது. மூன்றும் ஒரே திசையைக் காட்டியதால், ஆய்வுக்கட்டுரையில் ஒரு படத்தை அதற்கென்றே ஒதுக்கினோம்.

குதிரைலாட நண்டின் இரத்தச் செல்களிலிருந்து எடுக்கும் சாற்றால் எண்டோடாக்சினை அளக்கும் எல்.ஏ.எல். சோதனையைக் குறித்தும் ஒரு வார்த்தை. சில பஃபர்களில் எண்டோடாக்சின் ஒளிந்துகொண்டு குறைவாகத் தெரியும். அதனால்தான் தெரிந்த அளவு எண்டோடாக்சினை மாதிரியில் கலந்து, அது 50 முதல் 200 சதவீதத்துக்குள் மீண்டு வருகிறதா என்று பார்க்கிறார்கள். மறுபக்கம், பூஞ்சை மற்றும் செல்லுலோஸ் வடிகட்டியிலிருந்து வரும் பீட்டா-குளுக்கான் இந்தச் சோதனையைப் பொய்யாகத் தூண்டவும் கூடும். மறுசேர்க்கை ஃபாக்டர் சி கொண்டு செய்யும் சோதனையில் அந்தக் குழப்பம் இல்லை. முதலாவது, மூன்றாவது லாட்டுகளின் சான்றிதழில் அளந்த எண்ணும் மீட்பு சதவீதமும் இருந்தன. இரண்டாவதில் ‘தேர்ச்சி’ என்ற ஒற்றைச் சொல் மட்டும். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் எந்தக் கணக்கைப் போடுவது? கேட்டு வாங்கினோம், எண் நன்றாகவே இருந்தது, முதலிலேயே கொடுத்திருக்கலாம்.

வாங்குவதற்கு முன் பலர் யோசிக்காத இன்னொன்று, உயிரினமும் ஏற்பியும். டி.என்.எஃப்-க்கு இரண்டு ஏற்பிகள். மனிதப் புரதம் எலியின் முதல் ஏற்பியோடு பிணைகிறது, இரண்டாவதோடு பிணைவதில்லை. எல்929 சோதனை எலி செல்லில் நடந்தும் வெற்றி பெறுவது முதல் ஏற்பி போதும் என்பதால்தான். ‘எலி செல்லிலும் செயல்படும்’ என்று விவரத்தாளில் பெருமையாக எழுதியிருப்பதைப் படித்து, எலியில் நோயெதிர்ப்புச் சோதனைக்கு மனிதக் குப்பியை வாங்குகிறவர் பாதி ஏற்பியை இழந்த விடையைத்தான் பெறுவார். மனித செல்லிலும் ஒரு வரம்பு உண்டு: இரண்டாம் ஏற்பியை முழுமையாகத் தூண்டுவது சவ்வில் பதிந்த வடிவம், குப்பியில் இருக்கும் கரையும் வடிவம் அந்த வேலையில் மந்தம். ஒழுங்குபடுத்தும் டி செல்களில் இரண்டாம் ஏற்பியை ஆராய்கிறவர்களுக்கு இந்தப் பொருள், எவ்வளவு தூய்மையானாலும், தவறான கருவி. விவரத்தாள் இதைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

விவரத்தாளின் மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதில் இருக்கும் செயல்திறன் வளைகோடு ‘எடுத்துக்காட்டு’ என்று சிறு எழுத்தில் போடப்பட்டது, நம் கையிலுள்ள லாட்டுக்கு உரியது அல்ல. சேமிப்புப் பகுதியில் கரைத்த பின் 4 டிகிரியில் ஒரு வாரம் என்று ஓரிடத்திலும், ஒரு மாதம் என்று இன்னோரிடத்திலும் இருக்கிறது. வேறு புரதத்தின் தாளிலிருந்து வெட்டி ஒட்டியிருக்க வேண்டும். இழையின் முன்முனையில் மெத்தியோனின் மிஞ்சியிருக்கிறதா என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. எங்கள் நிறை நிறமாலை அளவீட்டில் பெரும்பகுதி மெத்தியோனின் நீங்கிய நிறையைக் காட்டியது, 131 டால்டன் கூடுதலான சிறு உச்சியும் அருகில் இருந்தது. செல் சோதனைக்கு அது பொருட்டல்ல. அமைப்பியல் வேலை செய்கிறவர்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டிய செய்தி.

தொழில்நுட்ப உதவிப் பிரிவுக்கு என் பாராட்டு முழுமையானது. கேள்வியைப் புரிந்துகொண்டு, விற்பனைப் பேச்சு இல்லாமல், ஆய்வகத்தில் கை நனைத்தவர் எழுதியதுபோல் பதில் வருகிறது. ஒரே லாட்டில் பத்துக் குப்பிகளை ஆறு மாதத்துக்கு நமக்கென்று ஒதுக்கி வைக்கவும் ஒப்புக்கொண்டார்கள். நீண்ட தொடர் சோதனை செய்கிறவர்களுக்கு இது விலைத் தள்ளுபடியைவிடப் பெரிய சலுகை. ‘ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்ற குறிப்பை இந்தப் புரதத்தில் வெறும் சட்டச் சடங்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. உடல் முழுவதும் பரவினால் இரத்த அழுத்தத்தைச் சாய்த்துவிடக்கூடிய பொருள் இது. மருந்தாக ஐரோப்பாவில் 1999-இல் அனுமதி பெற்ற மறுசேர்க்கை வடிவமான டாசோனெர்மின்கூட, கை அல்லது காலின் இரத்த ஓட்டத்தை உடலிலிருந்து தனிமைப்படுத்திய பிறகே செலுத்தப்படுகிறது. கையுறை இல்லாமல் இந்தக் குப்பியைத் திறப்பவரை எங்கள் ஆய்வகத்தில் அனுமதிப்பதில்லை.

மனித செல்களில் முதல் ஏற்பி வழியாக நடப்பவற்றை ஆராய்கிறவர்கள், மோனோசைட், மேக்ரோபேஜ் போன்ற எண்டோடாக்சினுக்குக் கூச்சமுள்ள செல்களோடு வேலை செய்கிறவர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம். எச்.இ.கே. செல்லில் ஒளிரும் மரபணுச் சோதனை மட்டும் செய்கிறவர்களுக்கு இந்த அளவு கண்டிப்பான எண்டோடாக்சின் வரம்பு தேவையில்லை, எளிய தரமே போதும். ஆர்டர் கொடுக்கும்போதே அளவு விலக்கு வரைபடம், அந்த லாட்டின் செயல்திறன் வளைகோடு, எண்டோடாக்சினின் அளந்த எண் ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள், கேட்டால் தருகிறார்கள். நான்காவது ஆர்டரை நாங்கள் போன வாரம் அனுப்பினோம்: செல் சோதனைக்குத் துணைப் புரதத்தோடு எட்டுக் குப்பி, பிணைப்புச் சோதனைக்குத் துணைப் புரதம் இல்லாமல் இரண்டு. 4 டிகிரி குளிர்ப்பெட்டியின் கதவில், இந்தப் புரதத்தை இங்கே வைக்கக் கூடாது என்று ஒரு தாளும் ஒட்டியிருக்கிறோம்.